வரையாட்டின் விலை

வேட்டை என்றதும் நமக்குத் துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வருகிறது. வாஸ்தவத்தில் வேட்டை ஆரம்பமாவது காகிதத்தில். எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை மூட்டை அரிசி, வண்டிச் சத்தம் என்ன, லைசென்ஸுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு நீண்ட ஜாபிதா. பழைய வேட்டைக்காரர்கள் எழுதிய புத்தகங்கள் பலவற்றில் கடைசியில் இப்படி ஓர் அநுபந்தம் இருக்கும். புலி பாயும் அத்தியாயங்களைவிட எனக்கு இந்த அநுபந்தத்தில்தான் ருசி அதிகம். கதை எழுதுகிறவனுக்கு இது தொழில் பழக்கம். புலியின் நீளத்தைப் பற்றி எழுதும்போது மனிதன் ஓர் அடி கூட்டிச் சொல்லிவிடுவான். கொடுத்த காசைப் பற்றி எழுதும்போது அவ்வளவு தாராளம் காட்டமாட்டான். எதற்குப் பணம் கொடுத்தான், எதற்குக் கொடுக்கவில்லை என்று பார்த்தால் அவனுடைய காலமே தெரிந்துவிடும்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்டை எடுத்துக்கொள்ளலாம். 1909-ஆம் வருஷம் மார்ச் 4-ஆம் தேதி பதவியிலிருந்து இறங்கினார். 23-ஆம் தேதி மகன் கெர்மிட்டுடன் நியூயார்க்கில் கப்பல் ஏறிவிட்டார். ஏப்ரல் 21-ஆம் தேதி கிழக்கு ஆப்பிரிக்காவில் மொம்பாஸாத் துறைமுகத்தில் இறங்கினார்கள். பத்தொன்பது நாளில் ஆகிற ஏற்பாடா இது? வெள்ளை மாளிகையில் ராஜ்ய காரியங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆப்பிரிக்கா போய்வந்த வேட்டைக்காரர்களுக்கு அவர் கடிதம் எழுதி விசாரித்துக்கொண்டிருந்தார். ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்கு மிருகங்கள் சேர்த்துக் கொடுப்பதாக ஏற்பாடு. ஆண்ட்ரூ கார்னெகி என்ற கோடீசுவரர் பண உதவி செய்தார். ஒரு பத்திரிகை இந்தப் பயணத்தைப் பற்றிய கட்டுரைகளுக்கு 50,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. (நம் எழுத்தாள நண்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.)

அவர் கொண்டுபோன சாமான்களில் நாலு டன் உப்பு இருந்தது. சாப்பாட்டுக்கு அல்ல, தோல்களைக் கெடாமல் பாதுகாப்பதற்கு. அந்தச் சீமையில் ஒரு சுமைகூலி தூக்கும் பாரம் 60 ராத்தல். நாலு டன்னையும் ஒரே தடவையில் தூக்குவதானால் உப்புக்கு மட்டும் நூற்று முப்பது பேருக்கு மேல் வேண்டும். ரூஸ்வெல்டின் பின்னால் இருநூறுக்கு மேற்பட்ட கூலிகள் வரிசையாக நடந்தார்கள். மறு வருஷம் மார்ச்சில் கார்ட்டூமில் பயணம் முடிந்தபோது தகப்பனும் மகனும் சுட்ட மிருகங்களின் எண்ணிக்கை 512.

இதில் நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. அன்று கிழக்கு ஆப்பிரிக்காவில் செலாவணியான நாணயம் நம்முடைய ரூபாய். மொம்பாஸாவிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் போட 1896 முதல் 30,000-க்கு மேற்பட்ட இந்தியக் கூலிகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். இந்திய வியாபாரிகள் அதற்கும் முந்தியே கடைவிரித்திருந்தார்கள். ஆகவே நைரோபியில் வேட்டைக் கணக்கையும் ரூபாயில்தான் எழுதினார்கள். வெளியிலிருந்து வரும் வேட்டைக்காரருக்கு ஒரு வருஷ லைசென்ஸ் 750 ரூபாய். அதாவது 50 பவுன். சுமைகூலிக்கு மாதச் சம்பளம் சுமார் 10 ரூபாய். துரை ஒரு காகிதத்துக்குக் கொடுத்த பணம், அந்தக் கூலிக்கு ஆறு வருஷம் மூன்று மாதச் சம்பளம். எந்த மிருகத்தில் எத்தனை சுடலாம் என்று அந்தக் காகிதத்தில் கண்டிருக்கும். சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் மட்டும் வரம்பே கிடையாது. ஆடுமாட்டைத் தின்கிற துஷ்டப் பிராணிகள் என்று அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்குக்கு வரலாம். ஆப்பிரிக்கா அளவுக்கு ஆடம்பரம் இல்லாவிட்டாலும் இங்கேயும் இதே மாதிரி ஜாபிதா போட்டுக்கொண்டு துரைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

தேனியில் நின்று தெற்கே பார்த்தால் பள்ளத்தாக்கு நீளமான ஒரு தொட்டிபோல் கிடக்கும். மேற்குச் சுவர் ஏலமலை. கிழக்குச் சுவர் வருஷநாட்டு மலையும், வெள்ளைக்காரர்கள் ஹைவேவிஸ் என்று பெயர் வைத்த மலையும். ஊரார் அதைப் பச்சைக்கூமாச்சி என்பார்கள். இன்று மேகமலை என்றால்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிகிறது. வடமேற்கே போடிநாயக்கனூருக்குப் பின்னால் எழும்பி நிற்பது மூணாறு மலைநாடு. யானை, காட்டுமாடு, புலி, மிளா எல்லாம் இந்தச் சுவர்களில் உண்டு. ஆனால் துரைகளின் மனத்தை இழுத்தது வரையாடு. செங்குத்தான பாறை விளிம்பில் நின்றுகொண்டு, மேகத்துக்கு மேலிருந்து உலகத்தைப் பார்க்கிற பிராணி. உலகத்தில் வேறெங்கும் கிடையாது; மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் மட்டுமே உண்டு.

துரையின் பயணம் எப்படி? சென்னையிலிருந்து ரயில். திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே 1875-இல் பாதை திறந்தது. அந்தப் பாதையில் அம்மையநாயக்கனூர் என்று ஒரு ஸ்டேஷன். இன்று அதற்குக் கோடைக்கானல் ரோடு என்று பெயர். அங்கே இறங்கினால் அப்புறம் மாட்டு வண்டிதான். வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி என்று வந்து, அங்கே வழி பிரியும். போடி வழியாகப் போனால் குரங்கணி. அங்கிருந்து மூணாறு மலைக்குச் செங்குத்தான பாதை. நேரே தெற்கே போனால் உத்தமபாளையம், கம்பம், கூடலூர். பிறகு மலையேறிக் குமுளி. ஸ்டேஷனிலிருந்து குமுளிக்கு எழுபது மைலுக்கு மேல் இருக்கும். 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை வேலைக்கு இரும்பும் இயந்திரமும் போன வழியும் இதுதான். வெயிலுக்குப் பயந்து மாடுகளை இரவில்தான் ஓட்டுவார்கள். பகலில் முசாபரி பங்களாவிலோ தோப்பிலோ தங்கல். மணிக்கு இரண்டு இரண்டரை மைல் என்று மாடுகள் தங்கள் சௌகரியப்படி நடக்கும்.

ஜாபிதாவில் விட்டுப்போகக்கூடாத சாமான் கொய்னா. இந்த மலையடிவாரக் காய்ச்சல் பெயர் பெற்றது. அணை வேலைக்கு வந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. 1897-இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வரையில், காட்டின் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, கொசுவை உள்ளே வைத்துக்கொண்டு படுத்தவர்கள் எத்தனையோ பேர்!

அப்புறம் காகிதங்கள். பள்ளத்தாக்கும் கிழக்கு மலையும் சென்னை ராஜதானி. மேற்கு மலையின் உச்சிக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1882-ஆம் வருஷத்துக் காட்டுச் சட்டத்துக்குப் பிறகு சென்னை ராஜதானியின் ரிஸர்வ் காடுகளில் அநுமதி இல்லாமல் சுட முடியாது. திருவிதாங்கூர்க் காட்டுக்குத் திருவிதாங்கூர் அநுமதி வேண்டும். மூணாறு மலைகளிலோ தேயிலைக் கம்பெனியின் தயவு வேண்டும். மிருகமோ எல்லைக்கோட்டை மதிக்காமல் காலையில் இந்தப் பக்கமும் மாலையில் அந்தப் பக்கமும் மேயும். யானையைச் சென்னை ராஜதானியில் 1873-ஆம் வருஷச் சட்டம் காத்தது. காட்டுமாட்டுக்கும் மான்களுக்கும் ஆடுகளுக்கும் சுடக்கூடாத பருவம் குறிப்பதற்கு 1912-இல் இந்தியா முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் புலி இல்லை. ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்கு என்ன அந்தஸ்தோ, இங்கே புலிக்கு அதே அந்தஸ்து.

இத்தனையும் கூட்டிப் பார்த்தால் செலவில் பெரும் பகுதி ரயிலுக்கும் வண்டிக்கும் தோட்டாவுக்கும் சமையலுக்கும் போய்விடும். கொம்பையும் தோலையும் பாடம் பண்ணுவதற்கும் ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டும். மைசூரில் வான் இங்கன் என்ற குடும்பத்தார் 1900-இல் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கிப் புகழ்பெற்றார்கள். எல்லாவற்றிலும் மலிவான இனம் எது? கூட வந்த மனிதன்தான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போடி மலையிலும் மூணாற்றிலும் முதுவர். குமுளிப் பக்கம் மன்னான். வருஷநாட்டிலும் பழனிமலைச் சரிவிலும் பளியர். முதுவர்கள் மதுரையிலிருந்து மீனாட்சி அம்மனை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய ஐதிகம். அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். அம்மனைச் சுமந்த முதுகில் பிறகு துரையின் கூடாரம் ஏறியது.

ஆனால் சுமப்பது மட்டும் அவர்கள் வேலை அல்ல. வரையாட்டு மந்தை மேயும்போது ஒரு கிழப் பெட்டை மட்டும் மேயாமல் பாறைமேல் நின்று காவல் பார்க்கும். அதற்கு எதிரி வருவது பெரும்பாலும் கீழேயிருந்து. ஆகையால் அதன் கண் கீழ்நோக்கியே இருக்கும். சுட வேண்டியவன் விடியுமுன் மந்தைக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்பும், மஞ்சு எப்போது விலகும், எந்தப் புல் வழுக்கும், எந்தக் கல் உருளும் — இத்தனையும் தெரிந்தவன் முதுவன். துரைக்குத் தெரிந்தது விசையை இழுக்க. ஆனாலும் வேட்டைப் புத்தகங்களைப் புரட்டினால், துப்பாக்கியின் பெயர் இருக்கும், அதைச் செய்த லண்டன் கம்பெனியின் பெயர் இருக்கும், நாயின் பெயர்கூட இருக்கும். மலைக்காரனைப் பல இடங்களில் 'என் ஷிகாரி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பெயர் எழுத மசி எவ்வளவு செலவாகியிருக்கும்?

இவ்வளவு சொன்ன பிறகு, கதையில் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று வாசகர்கள் தீர்மானித்திருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். சரித்திரம் நாவலாசிரியனுக்கு அவ்வளவு சுலபமாக வில்லனைக் கொடுத்துவிடுவதில்லை.

நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் குடியேறிய முதல் ஐம்பது வருஷங்களில் வரையாட்டைக் கேள்விமுறை இல்லாமல் சுட்டார்கள். கண்ணுக்கெதிரே மந்தைகள் குறைந்தன. அப்போது பயந்துபோனவர்களும் வேட்டைக்காரர்கள்தாம். 1877-இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். 1879-இல் சட்டமே வந்தது. லைசென்ஸ் வாங்க வேண்டும்; இன்ன மாதத்தில் சுடக்கூடாது; பெட்டையையும் குட்டியையும் தொடக்கூடாது. முதுகில் வெண்மை படர்ந்த முதிர்ந்த கடாவைச் சுடுவதே வேட்டைக்கு அழகு என்று ஒரு மரியாதையும் வழக்கத்துக்கு வந்தது.

மூணாறுத் தோட்டக்காரத் துரைகளும் அதே வழியைப் பின்பற்றினார்கள். ஆனைமுடிக்கு அடியில் இரவிகுளம் என்ற பெரிய புல்வெளியைத் தேயிலை வைக்காமல் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம். காவலுக்கு முதுவர்களைச் சம்பளத்தில் வைத்தார்கள். இத்தனை மந்தை, இத்தனை கடா, இந்த வருஷம் இத்தனை சுடலாம் என்று கணக்கு. 1971-இல் கேரள அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டபோது வரையாடு அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தது. 1975-இல் அது சரணாலயமாயிற்று. 1978-இல் தேசியப் பூங்கா. குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.ஸி. டேவிதார், தாமே முன்பு வேட்டைக்காரராக இருந்தவர், 1970-களில் மலை மலையாக ஏறி எண்ணியபோது எல்லாச் சீமையிலும் சேர்த்து மிஞ்சியிருந்தவை சுமார் 2,200. 2025-இல் தமிழகமும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் 2,668. அதில் இரவிகுளத்தில் மட்டும் 841.

மேகமலைப் பாறைகளிலும் வரையாடு பிழைத்திருக்கிறது. ஆனால் சிறு சிறு கூட்டங்களாக. இரவிகுளத்தின் அகண்ட புல்வெளி அங்கே இல்லை என்பது ஒரு காரணம். சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணிக் காவல் காத்த முதுவன் இல்லை என்பது இன்னொரு காரணம். சுடுவதற்காகவே காப்பாற்றினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் காப்பாற்றினார்கள் என்பதும் உண்மைதான்.

அப்படியானால் துரைகளுக்குச் சிலை வைத்துவிடலாமா? அதற்கும் அவசரப்பட வேண்டாம். கணக்கின் இன்னொரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 1877-இல் பூஞ்ஞாற்றுத் தம்புரானிடமிருந்து கண்ணன்தேவன் மலையை ஜே.டி. மன்றோ எழுதி வாங்கினார். இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம். வருஷக் குத்தகை 3,000 ரூபாய். ஒரு ரூபாய்க்கு நாற்பது ஏக்கருக்கு மேல் ஆயிற்று. காலம் முன்பின்னாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை: நைரோபியில் நாலு துரைகள் கட்டிய லைசென்ஸ் பணத்துக்கு இங்கே ஒரு மலைநாடே ஒரு வருஷக் குத்தகைக்குக் கிடைத்திருக்கிறது. அந்த மலைநாட்டில் சோலைகளை வெட்டித் தேயிலை வைத்தார்கள். மேகமலையிலும் பிற்பாடு அதுவே நடந்தது. துப்பாக்கியால் செத்த மிருகத்துக்குக் கணக்கு உண்டு; காடு போனதால் போன மிருகத்தை எந்தச் சங்கமும் எழுதி வைக்கவில்லை.

பெரியாற்றிலும் காட்டுக்கு விலை போட்டார்கள். 1886-ஆம் வருஷ ஒப்பந்தப்படி திருவிதாங்கூருக்குச் சென்னை ராஜதானி கொடுக்க வேண்டியது 8,000 ஏக்கருக்கு ஏக்கர் 5 ரூபாய் வீதம் வருஷம் 40,000 ரூபாய். தண்ணீர் வந்தது, காடு முழுகியது, கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைச் சீமையிலும் நெல் விளைந்தது. அந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அணையைக் குறை சொல்லமாட்டார்கள்; பென்னிகுவிக் பெயரைக் குழந்தைகளுக்கு வைக்கிற ஊர் இது. ஏரியைச் சுற்றிய காட்டை 1899-இல் ரிஸர்வ் ஆக்கினார்கள். 1933-இல் ராபின்ஸன் என்பவரைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் வனவிலங்குக் காவல் அதிகாரியாக நியமித்தது. மறு வருஷம் நெல்லிக்காம்பட்டி சரணாலயம் பிறந்தது. அதுதான் 1950-இல் பெரியாறு சரணாலயமாக விரிந்தது. ஏரிக்கரையில் மகாராஜாவுக்குக் கட்டிய மாளிகை இன்று பிரயாணிகள் தங்கும் விடுதி.

1972-ஆம் வருஷச் சட்டம் வேட்டைக் கணக்கைப் பெரும்பாலும் முடித்து வைத்தது. புலி அட்டவணையின் முதல் வரிசைக்கு வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டையும் மேகமலைக் காட்டையும் சேர்த்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், புலிகள் காப்பகமாக்கினார்கள். துரைகளின் ஜாபிதாவில் பெயரில்லாமல் இருந்த பிராணியின் பெயரால் இன்று கிழக்குச் சுவர் முழுவதும் காவல்.

மனிதன் கணக்கு என்னவாயிற்று? காவல் பலத்தபோது, காட்டில் கிழங்கும் தேனும் எடுத்துப் பிழைத்தவனை முதலில் தடுத்து நிறுத்தியது அந்தக் காவல்தான். குமுளியைச் சுற்றியிருந்த ஏழைகளில் சிலர், வயணா என்று மலையாளத்தில் சொல்கிற காட்டு மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வாழ்ந்தார்கள். காட்டு இலாகாவும் அவர்களும் பல வருஷங்கள் பூனையும் எலியுமாக இருந்தார்கள். 1990-களின் கடைசியில் பெரியாற்றில் ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். பட்டை உரித்தவர்கள் மேலிருந்த வழக்குகளை விட்டுக்கொடுத்து, அவர்களையே ஒரு குழுவாக்கி, பிரயாணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகும் வேலையைக் கொடுத்தார்கள். கூடாரமும் சாமானும் அவர்களே கொண்டுபோகிறார்கள். இரவில் காவலும் அவர்களே. பிரயாணி கட்டும் கட்டணத்திலிருந்து அவர்கள் சம்பளம்.

குமுளியில் அந்தப் பயணத்துக்குப் போகிறவர்கள் இன்றும் ஒரு ஜாபிதா போடுகிறார்கள். எத்தனை பேர், எத்தனை இரவு, என்ன சாப்பாடு, மழைக்கு என்ன, அட்டைக்கு என்ன. அட்டைக்கு முழங்கால் வரை கட்டும் துணிமேஜோடு, காய்ச்சலுக்கு மாத்திரை, நைரோபியிலும் அம்மையநாயக்கனூரிலும் போட்ட அதே கணக்கு. துப்பாக்கியும் உப்பும் மட்டும் இல்லை. வழிகாட்டிக்குக் கூலி என்று ஓர் இனம் அதில் நியாயமாக ஏறியிருக்கிறது. நீங்கள் போனால் இன்னொன்றும் செய்யுங்கள்: திரும்பி வந்து நாலு பேருக்குக் கடிதம் எழுதும்போது யானையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அதை உங்களுக்குக் காட்டியவர் பெயரை எழுதுங்கள்.